டெரசீன் சிறாரின் ஓவிய ஆசிரியை

செக் நாட்டின் தலைநகராகிய பிராகு நகரில் பிங்காஸ் தொழுகைக்கூடம் என்னும் பழமையான யூத ஆலயம் ஒன்று உள்ளது. அதன் சுவர்களில் தெய்வ உருவமோ சிற்பமோ இல்லை, பெயர்களே உள்ளன. ஹிட்லரின் ஆட்சியில் கொல்லப்பட்ட பொகீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ எண்பதினாயிரவரின் பெயர்கள் அச்சுவர்களில் கையால் எழுதப்பட்டுள்ளன. மாடிக்குச் சென்றால் குழந்தைகள் வரைந்த ஓவியங்களைக் காணலாம். வீடு, மரம், பூச்சாடி, பட்டாம்பூச்சி, மேசையைச் சுற்றி அமர்ந்த குடும்பம் என எந்தப் பள்ளிக் குழந்தையும் வரையக்கூடியவை அவை. அவற்றை வரைந்த குழந்தைகளுள் பெரும்பாலோர் பதினைந்து அகவையைத் தாண்டவில்லை என்பதை அறியும்போதுதான் காண்பவர் நெஞ்சம் கனக்கின்றது. அப்பிஞ்சுக் கைகளில் வண்ணக்கோலைக் கொடுத்து, வரையக் கற்பித்து, வரைந்ததன் கீழே தத்தம் பெயரை எழுதுமாறு பணித்த ஆசிரியையே பிரீடில் டிக்கர் பிராண்டைஸ் அம்மையார். அவர்தம் வரலாற்றை இவ்வெள்ளிவிழா மலரில் எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தமைக்கு மகிழ்கின்றேன்.

ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் 1898ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் எளிய யூதக் குடும்பம் ஒன்றில் பிரீடில் பிறந்தார். தந்தையார் சைமன் டிக்கர், காகிதமும் எழுதுபொருளும் விற்கும் கடை ஒன்றில் ஊழியர். குழந்தைக்கு நான்கு வயதாகும்போதே தாயார் கரோலினா மறைந்தார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத அச்சிறுமி தந்தையார் பணியாற்றிய கடையில் காகிதத்தோடும் வண்ணத்தோடும் களிமண்ணோடும் விளையாடிப் பொழுதைக் கழித்தாள். தாயற்ற பிள்ளைக்குக் காகிதமே தோழியாயிற்று எனலாம். பிற்காலத்தில் ஒரு துண்டுக் காகிதத்திற்கும் அலைந்து திரிய வேண்டிய இடத்தில் அவர் ஆசிரியையாக நிற்கப்போகிறார் என்பதை அன்று யார் அறிவார்?

பதினாறு வயதிற்குள் நிழற்படக் கலையையும் அச்சுக்கலையையும் பயின்றார். பின்னர் வியன்னாவின் கைவினைக் கலைப்பள்ளியில் நெசவுக்கலைப் பிரிவில் சேர்ந்தார். அங்கே பிரான்ஸ் சிஷெக் என்னும் பேராசிரியரின் வகுப்பிலும் அமர்ந்தார். குழந்தைகளின் ஓவியம் பெரியோர் ஓவியத்தின் குறைபட்ட வடிவமன்று, தனக்கெனத் தனி இயல்புடைய கலை என்று ஐரோப்பாவில் முதன்முதல் வற்புறுத்தியவர்களுள் சிஷெக் ஒருவர். இக்கருத்து இளம் பிரீடிலின் உள்ளத்தில் விதையாக விழுந்தது. அடுத்து, யோகானஸ் இட்டன் என்னும் ஓவியர் வியன்னாவில் நடத்திய தனிப்பள்ளியில் மாணவியானார். மூச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் செய்வித்து, உள்ளத்தையும் கையையும் தளர்த்திய பின்னரே கோடு இழுக்கச் சொல்வது இட்டனின் வழக்கம். பொருளின் வடிவைப் பார்த்து அப்படியே படியெடுப்பதைவிட, அதன் அசைவையும் தாளத்தையும் உணர்ந்து வரைதலே அவர் கற்பித்த நெறி.

1919ஆம் ஆண்டு ஜெர்மனியின் வைமார் நகரில் வால்டர் குரோப்பியஸ் என்னும் கட்டடக்கலைஞர் பௌஹவுஸ் என்ற புகழ்மிக்க கலைப்பள்ளியைத் தொடங்கினார். ஓவியன், தச்சன், நெசவாளி, குயவன் என்ற வேறுபாட்டைக் களைந்து, கைத்தொழிலையும் கலையையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்த பள்ளி அது. இட்டன் அங்கே ஆசிரியராகச் சென்றபோது பிரீடிலும் உடன் மாணவர் சிலரோடு அவரைப் பின்தொடர்ந்து சென்றார். பால் கிளே, பைனிங்கர், ஷ்லெம்மர் முதலிய பெருங்கலைஞர்களின் நிழலில் 1923 வரை பயின்றார். நெசவு, அச்சு, புத்தகக் கட்டு, சிற்பம், நாடக மேடை அமைப்பு எதனையும் அவர் விட்டுவைக்கவில்லை. மாணவியாய் இருக்கும்போதே புதிதாகச் சேர்ந்தோருக்குத் தொடக்கப் பாடம் கற்பிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய பன்முகத் திறமையையும் ஊக்கத்தையும் பாராட்டிக் குரோப்பியஸ் பின்னாளில் சான்றிதழும் வழங்கினார். அக்காலத்தில் இட்டன், கிளே, பைனிங்கர் முதலியோரின் ஓவியங்கள் 1922ஆம் ஆண்டு டிசம்பரில் நம் நாட்டின் கல்கத்தா நகருக்கு வந்து கண்காட்சியாக வைக்கப்பட்டன என்பதை இவண் குறிப்பிடுதல் தகும்.

பௌஹவுஸிலிருந்து வெளிவந்த பின்னர், உடன் பயின்ற பிரான்ஸ் சிங்கர் என்பாரோடு இணைந்து முதலில் பெர்லினிலும் பின்னர் வியன்னாவிலும் தொழிற்கூடம் நடத்தினார். நாடகத்திற்கு உடையும் மேடையும் அமைத்தனர். வீடுகளுக்கு உள்ளமைப்பும் தளவாடமும் வடிவமைத்தனர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத்தக்க நாற்காலி, மடித்து ஒதுக்கத்தக்க கட்டில் என இடத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் பொருள்கள் அவர்தம் கைவண்ணம். வியன்னா மாநகராட்சி தொழிலாளர்க்கெனக் கட்டிய கேத்தே ஹோப் குடியிருப்பில் மாண்டிசோரி முறையிலான குழந்தைகள் பள்ளி ஒன்றனை அவர்கள் அமைத்தனர். அதன் மேசையையும் நாற்காலியையும் குழந்தைகளே நகர்த்தவும் மடிக்கவும் கூடிய வண்ணம் செய்தனர். சின்னஞ்சிறார்க்குப் பெரியவரின் உதவியின்றித் தம் உலகைத் தாமே ஒழுங்கு செய்துகொள்ளும் உரிமை வேண்டும் என்பது அவ்வமைப்பின் உட்பொருள். 1931ஆம் ஆண்டு குழந்தைகள் பள்ளி ஆசிரியைகளுக்கு ஓவியம் கற்பிக்கும் பணியை நகராட்சி அம்மையாரிடம் அளித்தது. ஆசிரியருக்கே ஆசிரியரான காலம் அது.

தொழில் சிறந்த போதிலும் இல்வாழ்வு அவருக்கு இனிதாக அமையவில்லை. சிங்கர் ஏற்கெனவே மணமானவர். அவ்வுறவு பல்லாண்டு துன்பமே தந்து இறுதியில் முறிந்தது. தாயாகும் பேற்றை மிகவும் விழைந்த அவருக்கு அப்பேறு கடைசிவரை வாய்க்கவில்லை. இதனை விரித்துரைக்க நான் விரும்பவில்லை. எனினும் அவர் பின்னாளில் பிறர் ஈன்ற பிள்ளைகளிடம் காட்டிய பரிவை அறிய விழைவோர்க்கு இச்செய்தியும் தெரிந்திருத்தல் நலம்.

அந்நாளில் ஆஸ்திரியாவில் வலதுசாரி வன்முறை தலைதூக்கியது. அம்மையார் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து, நிழற்படத் துண்டுகளை ஒட்டிச் சுவரொட்டிகள் உருவாக்கினார். போர், பசி, காவலர் தடியடி ஆகியவற்றைக் காட்டும் செய்தித்தாள் படங்களின் நடுவே பிறந்த குழந்தை ஒன்று கிடப்பதைக் காட்டும் சுவரொட்டி அவற்றுள் குறிப்பிடத்தக்கது. 1934 பிப்ரவரியில் வியன்னாவில் தொழிலாளர் எழுச்சி பீரங்கி கொண்டு அடக்கப்பட்டது. அதனை அடுத்து அம்மையாரும் கைது செய்யப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். விசாரணையின்போது தாம் பட்ட அல்லலைப் பின்னர் ஓவியமாகத் தீட்டினார். அது பிராகு யூத அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. விடுதலை பெற்றதும் பிறந்த நாட்டை விட்டுப் பிராகு நகருக்குக் குடிபெயர்ந்தார்.

பிராகில் அம்மையார், ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஓடிவந்த அகதிகளின் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தார். வியன்னாவில் பதின்மூன்று வயது முதல் தம்மிடம் பயின்ற ஈடித் கிராமர் என்ற பெண்ணும் அவரைத் தொடர்ந்து பிராகு வந்து இப்பணியில் துணைநின்றார். வீட்டை இழந்து, மொழி தெரியாத ஊருக்கு வந்து, இரவில் அலறி எழும் குழந்தைகள் வண்ணத்தையும் தூரிகையையும் கையில் எடுத்ததும் மெல்ல மெல்ல அமைதி பெறுவதை ஆசிரியையும் மாணவியும் கண்கூடாகக் கண்டனர். டெரசீனில் அம்மையார் செய்த பணிக்கு ஒத்திகை இங்கேயே நிகழ்ந்தது என்பது என் கருத்து.

1936ஆம் ஆண்டு தம் உறவினரான பாவெல் பிராண்டைஸ் என்பாரை மணந்து செக்கோஸ்லோவாகியக் குடியுரிமை பெற்றார். 1938இல் இருவரும் ஹ்ரோனோவ் என்னும் சிற்றூருக்குச் சென்று அங்குள்ள நெசவாலையில் பணியாற்றினர். அம்மையார் வடிவமைத்த துணிகள் கண்காட்சியில் பரிசு பெற்றன. ஆனால் அவ்வாண்டே நாட்டின் எல்லைப்புறத்தை ஹிட்லர் விழுங்கினான். 1939 மார்ச்சு 15ஆம் நாள் எஞ்சிய பகுதிக்குள்ளும் ஜெர்மானியப் படை நுழைந்தது. நண்பர் பலர் கடல் கடந்து தப்பினர். ஈடித் கிராமர் 1938இலேயே அமெரிக்கா சென்றுவிட்டார். அம்மையாருக்குப் பாலஸ்தீனம் செல்ல நுழைவுச்சீட்டு கிடைத்தது, கணவருக்குக் கிடைக்கவில்லை. கணவரை விட்டுப் போக அவர் இசையவில்லை.

அடுத்தடுத்து வந்த ஆணைகள் யூதரை ஒவ்வொரு படியாகக் கீழிறக்கின. வேலை போயிற்று. வீடு சிறுத்துக்கொண்டே போய் ஓர் அறையாயிற்று. பூங்காவிலும் திரையரங்கிலும் நுழையத் தடை. ஆடையில் மஞ்சள் விண்மீன் அணிய வேண்டும் என்ற கட்டளை. 1940இல் யூதக் குழந்தைகள் பொதுப்பள்ளிகளினின்றும் விலக்கப்பட்டனர்; 1942இல் அவர்க்குத் தனியே கற்பிப்பதும் தடைசெய்யப்பட்டது. பள்ளி வாயிலில் பிள்ளையை நிறுத்தித் திருப்பியனுப்புதல் என்றால் என்ன என்பதை இம்மலரைப் படிக்கும் பெரியோர்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை. அந்நாளிலும் அம்மையார் தம் சிற்றறையின் சாளரத்திலிருந்து தெரிந்த காட்சியையும், சாடியில் இட்ட பூக்களையும் வண்ணத்தில் தீட்டிக்கொண்டே இருந்தார். நண்பருக்கு அவர் எழுதிய மடல்களில் அச்சத்தைவிடக் கலையைப் பற்றிய பேச்சே மிகுதி.

1942 டிசம்பரில் பாவெலுக்கும் பிரீடிலுக்கும் டெரசீன் செல்லுமாறு ஓலை வந்தது. ஆளுக்கு ஐம்பது கிலோ மூட்டைக்கே இசைவு. குளிர்காலத்தில் கொண்டுபோக வேண்டிய கம்பளியையும் உணவையும் குறைத்துக்கொண்டு அம்மையார் தம் மூட்டையில் காகிதம், வண்ணம், தூரிகை ஆகியவற்றைத் திணித்துக்கொண்டார். படுக்கை விரிப்புகளுக்குச் சாயம் ஏற்றினார். இரவில் விரிக்கலாம், பகலில் பிள்ளைகளின் நாடகத்திற்குத் திரையாகவும் உடையாகவும் கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். எங்கே போகிறோம் என்று தெளிவாகத் தெரியாத நிலையிலும், அங்கே குழந்தைகள் இருப்பார்கள் என்பதை மட்டும் அவர் தெளிவாக உணர்ந்திருந்தார்.

டெரசீன், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் இரண்டாம் ஜோசப் தம் தாயார் மரியா தெரசாவின் பெயரால் எழுப்பிய கோட்டை நகர். 1941 நவம்பரில் நாஜிகள் அதனை யூதரை அடைக்கும் சேரியாக்கினர். சில ஆயிரவர் வாழ்ந்த அக்கோட்டைக்குள் ஒரு சமயம் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டுக் கிடந்தனர். மொத்தத்தில் அங்குக் கொண்டுவரப்பட்டோர் ஏறத்தாழ 1,40,000 பேர். பசியாலும் நோயாலும் அங்கேயே மாண்டோர் ஏறத்தாழ 33,000 பேர். அங்கிருந்து கிழக்கே ஆஷ்விட்ஸ் முதலிய கொலைக்களங்களுக்கு அனுப்பப்பட்டோர் ஏறத்தாழ 88,000 பேர்.

அங்கிருந்த யூதப் பெரியோர் ஒரு நற்செயல் செய்தனர். குழந்தைகளைக் கூடியவரை பெரியவர்களின் நெரிசலினின்றும் பிரித்துத் தனி இல்லங்களில் வைத்தனர். தமக்குக் கிடைத்த உணவிலும் அவர்க்குச் சற்றுக் கூடுதலாக ஒதுக்கினர். ‘எல் 410’ என்னும் எண்ணுடைய கட்டடம் பெண்கள் இல்லம். ‘எல் 417’ முன்னாள் பள்ளிக்கூடம், அது சிறுவர் இல்லம். மூன்றடுக்குப் பலகைக் கட்டில்களில் ஓர் அறைக்கு முப்பது பேர்போல் நெருங்கிக் கிடந்தனர். எழுத்தும் கணக்கும் வரலாறும் கற்பித்தல் குற்றம். ஓவியம், பாட்டு, கைவேலை ஆகியவற்றுக்கு மட்டும் நாஜிகள் தடை சொல்லவில்லை. அவை பயனற்றவை, தீங்கற்றவை என்று எண்ணினர் போலும்! நம் பள்ளிகளிலும் ஓவியப் பாடவேளை என்றால் கணக்காசிரியர் கடன் கேட்கும் பாடவேளை என்ற நிலை உண்டன்றோ? வெற்றுப்பொழுது என்று கருதி விடப்பட்ட அந்த இடைவெளியில்தான் பிரீடில் அம்மையார் தம் பள்ளியை நிறுவினார்.

அவர் கற்பித்த முறை ஆசிரியப் பெருமக்கள் ஊன்றி நோக்கற்பாலது. வகுப்பின் தொடக்கத்தில் தாளப் பயிற்சி நடைபெறும். ஆசிரியை சொல்லும் தாளத்திற்கேற்பக் குழந்தைகள் கையை வீசி வளைகோடும் சுழிகோடும் இழுப்பர். அச்சத்தாலும் குளிராலும் இறுகிய விரல்கள் இதனால் இளகும். இட்டனிடம் இளமையில் கற்ற பாடம் இங்கே உதவிற்று. பின்னர் ஒரு கதை சொல்வார். கதையில் வந்த பொருள்களை நினைவிலிருந்து வரையச் சொல்வார். மற்றொரு நாள் பூச்சாடி அல்லது மரச்செருப்பு ஒன்றை எதிரே வைத்து அதனை நன்கு பார்க்கச் சொல்வார். சாளரத்துக்கு வெளியே தெரியும் மலையையும் வானத்தையும் வரையச் சொல்வார். பெருங்கலைஞர்களின் ஓவியப் படிகளைக் காட்டி, அவற்றின் அமைப்பைக் காகிதத் துண்டுகளால் ஒட்டிக் காட்டச் செய்வார்.

காகிதத்திற்கு என்ன செய்தார் என்று கேட்கலாம். கொண்டுவந்தது விரைவில் தீர்ந்தது. அலுவலகங்களில் கழித்துவிட்ட படிவங்கள், பொட்டலம் கட்டிய தாள், பழைய கணக்குத் தாளின் பின்புறம் என எது கிடைப்பினும் சேகரித்தார். அச்சிட்ட கட்டங்களும் வரிகளும் கொண்ட அப்படிவங்களையே கிழித்து ஒட்டிக் குழந்தைகள் மலையும் வீடும் தோட்டமும் அமைத்தனர். ஆட்களை எண்ணிக்கையாக்கும் அலுவலகத் தாள் சிறுமி ஒருத்தியின் கையில் பூந்தோட்டமாக மாறியது.

ஒரு குழந்தையின் ஓவியத்தில் அம்மையார் தம் கையால் திருத்தம் செய்வதில்லை. நம்மிடையே கரும்பலகையில் ஆசிரியர் வரைந்த மாம்பழத்தை நாற்பது பேரும் அச்சாக எழுதுவதே ஓவியம் என்ற எண்ணம் இன்னும் மறையவில்லை. அம்மையார் அதற்கு நேர்மாறானவர். பெரியவரின் வழியைக் குழந்தையின்மேல் அவசரமாகத் திணித்தால் அதனிடம் உள்ள ஆக்கும் ஆற்றல் அழிந்துபோம் என்பது அவர் கொள்கை. 1943இல் டெரசீனிலேயே கல்வியாளர் கூட்டத்தில் குழந்தை ஓவியம் பற்றி உரை நிகழ்த்தி இக்கொள்கையை விளக்கினார். எல்லாக் குழந்தைகளையும் ஓவியராக்குவது தம் நோக்கமன்று என்றும், அவர்தம் உள்ளத்தின் ஆற்றலைத் திறந்துவிட்டு, கற்பனையையும் தாமே தீர்மானிக்கும் திறனையும் காப்பதே நோக்கம் என்றும் அவ்வுரையில் நிறுவினார். அவ்வாண்டிலேயே சிறுவர் இல்லத்தின் நிலவறையில் குழந்தைகளின் ஓவியக் கண்காட்சியும் நடத்தினார்.

அடைபட்ட நாட்களின் கொடுமைகளை வரையுமாறு அவர் யாரையும் தூண்டவில்லை. ஆதலின் அவ்வோவியங்களுள் பெரும்பாலானவற்றில் வீடும் புல்வெளியும் விழாவும் பயணமுமே காணப்படுகின்றன. சிலவற்றில் மட்டும் அடுக்குக் கட்டிலும், நோயாளி அறையும், காவலனும், தூக்குமரமும் தலைகாட்டுகின்றன. இதனோடு ஒப்புநோக்கத்தக்க வேறொரு செய்தியும் உண்டு. அதே பெண்கள் இல்லத்தில் இருந்த ஹெல்கா வைசோவா என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு, கண்ணால் காண்பதையே வரையுமாறு அவள் தந்தையார் அறிவுறுத்தினார். அவ்வாறே அவள் வரிசையில் நிற்போரையும் வண்டியேறுவோரையும் வரைந்தாள். உயிர்தப்பி ஓவியரும் ஆனாள். காண்பதை வரைதல் ஒரு வழி. காண முடியாததை வரைதல் மற்றொரு வழி. முன்னது சான்றாயிற்று, பின்னது மருந்தாயிற்று. இரண்டனுள் எது சிறந்தது என்று தீர்ப்பளிக்க நான் முற்படேன். பசியோடு இருந்த பிள்ளைகளுக்குப் பூவை வரையக் கற்பித்தது உண்மையை மறைத்ததாகாதா என்று கேட்போர் உளர். அப்பிள்ளைகள் உண்மையை அறியாதவர் அல்லர்; நாள்தோறும் அதன் நடுவே கிடந்தனர். அவர்க்கு இல்லாதிருந்தது வேறொன்று. அதனையே ஆசிரியை கொடுத்தார் என்பது என் துணிபு.

எல்லாவற்றினும் மேலாக, ஒவ்வோர் ஓவியத்தின் மீதும் குழந்தை தன் பெயரை எழுதுதல் வேண்டும் என்பதில் அம்மையார் உறுதியாக நின்றார். பலவற்றில் இல்லத்தின் எண்ணும் பாடவேளையின் எண்ணும்கூட உள்ளன. நாஜிகளின் பட்டியலில் ஒவ்வொருவரும் வண்டியின் எழுத்தும் ஒரு தொடர் எண்ணுமே. வகுப்பிலோ ஒவ்வொருவரும் பெயருடைய மாணவர். முப்பதாண்டுகளாக நாள்தோறும் வருகைப் பதிவேட்டைப் பார்த்து வருகின்றவன் என்ற முறையில், இச்செய்தியைப் படித்த நாள் முதல் என்னால் இதனை மறக்க இயலவில்லை. தம்முடைய ஓவியங்களுக்கு அவர் இத்துணை முதன்மை தரவில்லை. டெரசீனில் அவர் தமக்கென வரைந்தவை சிலவே. நேரமும் தாளும் குழந்தைகளுக்கே சென்றன. அவர்களுடைய நாடகங்களுக்கு உடையும் மேடையும் அமைத்துக் கொடுத்தார்.

1944 ஜூன் 23ஆம் நாள் பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தார் டெரசீனைப் பார்வையிட வந்தனர். அவர்தம் கண்ணில் மண்ணைத் தூவுவதற்காக நாஜிகள் சுவர்களுக்கு வண்ணம் பூசினர்; கடை, இசைமேடை, குழந்தைகள் விளையாடுமிடம் எல்லாம் அமைத்தனர்; நெரிசல் தெரியாதிருக்க அதற்கு முந்தைய மாதம் 7,500 பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிவிட்டனர். வந்தவர்கள் காட்டியதைக் கண்டு திரும்பினர். அவ்வாண்டு செப்டம்பர் 28 முதல் ஒரு மாதத்திற்குள் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதினொரு வண்டிகளில் ஆஷ்விட்ஸுக்கு ஏற்றப்பட்டனர்.

முதல் வண்டியில் பாவெல் சென்றார். புதிய வேலைமுகாம் அமைக்க ஆண்கள் போகின்றனர் என்று அதிகாரிகள் பொய்யுரைத்தனர்; மனைவியர் விரும்பினால் பின்தொடரலாம் என்றும் அறிவித்தனர். பிரீடில் அம்மையார் தாமே முன்வந்து தம் பெயரைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். இம்முடிவை எண்ணுந்தோறும் மனம் சஞ்சலப்படுகின்றது. இருந்திருந்தால் பிழைத்திருப்பாரோ? சொல்ல இயலாது, இல்லத்துக் குழந்தைகளையும் அவ்வண்டிகள் விட்டுவைக்கவில்லை. பாலஸ்தீன நுழைவுச்சீட்டு வந்தபோது எடுத்த அதே முடிவையே ஆறாண்டுகளுக்குப் பின் மீண்டும் எடுத்தார். அக்டோபர் 6ஆம் நாள் வண்டி புறப்பட்டது. 9ஆம் நாள் ஆஷ்விட்ஸ்-பிர்க்கனாவில் நச்சுப்புகை அறையில் அம்மையாரின் வாழ்வு முடிந்தது. அகவை நாற்பத்தாறு. யாரைத் தேடிச் சென்றாரோ அந்தக் கணவர் பாவெல், வேறு முகாமுக்கு அனுப்பப்பட்டு உயிர்தப்பினார்.

புறப்படும் முன்னர் அம்மையார் ஒரு வேலையை முடித்திருந்தார். குழந்தைகளின் ஓவியங்கள் ஏறத்தாழ 4,500 இரண்டு பெட்டிகளில் அடுக்கப்பட்டுப் பெண்கள் இல்லத்தில் மறைத்துவைக்கப்பட்டன. 1945 மே மாதம் டெரசீன் விடுதலை பெற்றது. இல்லத்தின் பொறுப்பிலிருந்த வில்லி குரோக் என்பார் அப்பெட்டிகளைப் பிராகு நகருக்குக் கொண்டுசென்று யூத சமூகத்தாரிடம் ஒப்படைத்தார். 1959இல் அவற்றுள் சில, அங்கிருந்த குழந்தைகளின் கவிதைகளோடு நூலாக வெளிவந்தபோதுதான் உலகம் அவற்றை அறிந்தது. அதன் பின்னர் அவ்வோவியங்கள் பல நாடுகளுக்குச் சென்று வந்துள்ளன. ஆயினும் ஆசிரியையின் பெயர் நெடுங்காலம் பலர்க்குத் தெரியாமலே இருந்தது. எலேனா மகரோவா என்னும் எழுத்தாளர், எஞ்சிய மாணவியரைத் தேடிக் கண்டு, கடிதங்களையும் ஓவியங்களையும் திரட்டிய பிறகே அம்மையாரின் முழு வரலாறு வெளிச்சத்துக்கு வந்தது.

அவரிடம் பயின்ற ஈடித் கிராமர் நியூயார்க்கில், வறுமையாலும் குற்றத்தாலும் சிதைந்த சிறுவர்களுக்கான பள்ளியில் ஓவியம் கற்பித்தார். ஓவியத்தை மனநோய்க்கு மருந்தாகக் கொள்ளும் புதிய துறையை வளர்த்தவர்களுள் ஒருவரானார். அதன் வேர் தம் ஆசிரியையிடமே என்று பன்முறை நன்றியோடு எடுத்துரைத்து, 2014இல் மறைந்தார். இப்போது சில நாடுகளில் பள்ளி மாணவர் முகாம்களினின்றும் உயிர்தப்பிய முதியோரை அழைத்து எதிரே அமர்த்தி, அவர்தம் கதையைக் கேட்டு, முகத்தை ஓவியமாக வரைந்து அவருக்கே வழங்கும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. அவ்வாறு அமர்வோர் அந்நாளில் சிறுவராய் இருந்தவர்கள். ஆண்டுதோறும் அவர் தொகை குறைந்து வருகின்றது. ஒருகாலத்தில் தாம் பென்சில் பிடித்த சிறாராய் இருந்தவர்கள், இன்று பென்சில் பிடித்த சிறார் எதிரே அசையாது அமர்ந்திருக்கின்றனர்.

பிராகு அருங்காட்சியகத்தார் ஒவ்வோர் ஓவியத்திலுமுள்ள பெயரை வண்டிப் பட்டியல்களோடு ஒப்பிட்டு, வரைந்த குழந்தை பிறந்த நாளையும், டெரசீனுக்கு வந்த நாளையும், கிழக்கே அனுப்பப்பட்ட நாளையும் குறித்துவைத்துள்ளனர். பெயர் தெரிந்தவர் ஏறத்தாழ 660 பேர். அவருள் 550 பேர் கொல்லப்பட்டனர். பெயரெழுதாத ஓவியங்களும் சில உள. ஆசிரியை பக்கத்தில் வந்து நினைவூட்டும் முன் வகுப்பு முடிந்துவிட்டதோ, தாளின் ஓரம் கிழிந்துபோயிற்றோ அறியோம். அவற்றின் எதிரே, வரைந்தவர் யாரெனத் தெரியவில்லை என்ற குறிப்பே உள்ளது.